சிராகூசாவில் ஐந்து பிழைகள்

"அந்தம்மாவை இன்னிக்கே நிறுத்தணும்!"

புரொபசர் எர்மான்னோ நாலு பக்கப் புகாரை மேஜைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்கு. அறைந்தார்.

கப்பல் சிராகூசா துறைமுகத்தில் நின்றிருந்தது. பயணிகளைக் கரைக்கு அனுப்பி, ஊரைச் சுற்றிக் காட்டி, ஆள் குறையாமல் திரும்ப ஏற்றுவது துல்லியோவின் வேலை. புகார் வாங்குவதும் அதில் அடக்கம். 'வெயில் ஜாஸ்தி', 'படிக்கட்டு ஜாஸ்தி' என்கிற ரகம்தான் வழக்கமாக வரும். இது அடிக்குறிப்புகளோடு வந்திருந்தது.

"வழிகாட்டி என்ன தப்பு பண்ணாங்க, புரொபசர்?"

"ஒண்ணா ரெண்டா? அஞ்சு! ஆர்க்கிமிடிஸ் ரோம்ல பொறந்தவராம். இந்த ஊர்க்காரன் எவன் காதுலயாவது விழுந்திருந்தா அந்தம்மாவைக் கடல்ல தூக்கிப் போட்டிருப்பான். பெரிய சர்ச்சோட சுவருக்குள்ள நிக்குதே தூணு, அத்தீனா கோயில் தூணு, ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷப் பழசு, அதை ஆயிரத்தைந்நூறு வருஷம் கழிச்சு வந்த நார்மானியர் கட்டினாங்களாம்! மீதி மூணும் எழுதியிருக்கேன், வாயால சொன்னா ரத்த அழுத்தம் ஏறும். அங்கேயே நிறுத்தித் திருத்தினேன். ஒரு கால் மணி நேரம்."

"ஒண்ணே கால் மணி நேரம்னு பஸ் டிரைவர் சொன்னார்."

"வரலாறு டிரைவருக்காக ஓடாது!" என்று சொல்லிவிட்டு புரொபசர் போனார். நடையில் ஒரு மிடுக்கு இருந்தது.

துல்லியோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நுன்சியா இருபத்தாறு வருஷமாக வழிகாட்டி. ஒருமுறை பிரசங்கத்தில், ஊரை இடித்த பழைய நிலநடுக்கத்தின் வருஷத்தைத் தப்பாகச் சொன்ன பாதிரியாரையே எழுந்து நின்று திருத்தியவர். அவரா ஆர்க்கிமிடிசை ஊர் மாற்றினார்?

கம்பெனி விதியோ கறாரானது. எழுத்தில் வந்த புகாருக்குக் கப்பல் கிளம்புமுன் முடிவு எழுத வேண்டும். மூன்று பிழைக்குமேல் போனால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட வேண்டும். கப்பல் வருகிற ஏழு மாதம்தான் நுன்சியாவுக்கு வருஷம் முழுக்கச் சோறு.

துறைமுகத்துக் காபிக் கடையில், பாதாம் கிரானித்தா என்கிற ஐஸ்கூழில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் அவர்.

"வா மகனே. புகார் வந்திருக்குமே?"

"வந்திருக்கு. உங்களுக்கு உடம்பு ஏதாவது..."

"உடம்புக்கென்ன? எட்னா எரிமலை மாதிரி இருக்கேன். அப்பப்போ புகையும், அவ்வளவுதான்."

"ஆர்க்கிமிடிஸ் எந்த ஊர்க்காரர்?"

நுன்சியா ரொட்டியைக் கிண்ணத்திலேயே விட்டார். "அதோ அந்தத் தெருவுல போய்க் கேளு, பால் குடிக்கிற குழந்தை சொல்லும். இந்த ஊர்க்காரர். கொன்னது ரோமானியச் சிப்பாய். தளபதி பேரு மார்செல்லுஸ். வருஷமும் வேணுமா?"

"அப்புறம் ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அதான், ஏன்? யார்கூடவாவது பந்தயமா?"

"இந்த வயசுல பந்தயமா? ரொட்டி ஊறுது, போ."

"விளையாடாதீங்க. ஆறு மணிக்குக் கப்பல் எடுக்கணும். காரணம் தெரியலேன்னா உங்க பேரை அடிச்சாகணும்."

ரொட்டியை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. நுன்சியா கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"வெளியில சொல்லமாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன் மகனே. அடிக்கணும்னா அடிச்சுக்கோ. ஆனா ஒண்ணு. அந்தத் தூணைப் பத்தி புரொபசர் பேசினப்போ நீ கேட்டிருக்கணும். எனக்கே தெரியாத ரெண்டு விஷயம் சொன்னாரு."

துல்லியோ கப்பலுக்குத் திரும்பினான். பிழை செய்தவர் வருத்தப்படவில்லை, கண்டுபிடித்தவர் சந்தோஷமாக இருக்கிறார். அவனுடைய பத்து வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு புகார் வந்ததில்லை.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. பேனாவைத் திறந்தான்.

எதிரே புரொபசரின் மனைவி ஓர்னெல்லா வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"நுன்சியா பேரை அடிச்சிட்டீங்களா?"

"அடிக்கப் போறேன், சிஞ்ஞோரா."

"முதல்ல பேனாவைக் கீழே வைங்க. அவர் வாயால திட்டுவார்னுதான் நினைச்சேன், எழுதிக் குடுப்பார்னு நினைக்கல. பல்கலைக்கழகத்துல மாலை மரியாதையெல்லாம் பண்ணி வீட்டுக்கு அனுப்பி எட்டு மாசம் ஆச்சு. அன்னிக்கு மூடின அவர் பேனா இன்னிக்குத்தான் திறந்திருக்கு. அவர்கிட்ட யாரும் ஒரு சந்தேகம் கேக்கிறதில்ல, அவரும் பேசறதில்ல. உப்பு வேணும்னாகூட வாயைத் திறக்க மாட்டார், கையைத்தான் நீட்டுவார். இப்ப போய்ப் பாருங்க. மேல்தளத்துல எட்டு பேரை உக்கார வச்சு அத்தீனா கோயில் பாடம் நடக்குது. ஒருத்தரையும் எழுந்திருக்க விடல."

துல்லியோ நாலு பக்கத்தையும் ஒருமுறை புரட்டினான்.

"அப்போ இந்த அஞ்சு தப்பும்..."

"காலையில நான் எழுதிக் குடுத்தது. பாவம், ஆர்க்கிமிடிஸ் விஷயத்துல மட்டும் நுன்சியா ரொம்பத் தயங்கினாங்க. சொந்த ஊர்க்காரராச்சே. கெஞ்சித்தான் சம்மதிக்க வச்சேன்."

துல்லியோ முடிவுக்கான கட்டத்தில் 'வழிகாட்டி தொடரலாம்' என்று எழுதினான். காரணத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டான்.

ஓர்னெல்லா கைப்பையைத் திறந்து, மடித்த காகிதம் ஒன்றை அவன் பக்கம் தள்ளினார்.

"நாளைக்கு மால்டா. இதுல ஏழு இருக்கு, அங்க வர்ற வழிகாட்டிகிட்ட குடுத்துடுங்க. நாலாவது கொஞ்சம் நுணுக்கமானது. அவர் கவனிக்கலேன்னா, இன்னொரு தடவை சத்தமாச் சொல்லச் சொல்லுங்க."