நாற்பத்திரண்டாவது மேற்கோள்

மகள் எழுதி வைத்திருந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை, அவள் இறந்த மறுமாதம் அப்பா டைப்பிங் கடைக்குக் கொண்டுபோனார். ஓரம், வரி இடைவெளி, பக்க எண் எல்லாம் பெட்டிப் பாம்பாய் அடங்கின. மேற்கோள் பட்டியலில் மட்டும், எத்தனை முறை அழித்தாலும் நாற்பத்திரண்டாவது திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

"'அப்பா, நேரில் சொன்னது'ன்னு இருக்கு சார். தேதி இன்னைக்கு," என்றாள் கடைக்காரப் பெண்.

"அது எந்த வரிக்கும்மா?"

கடைசிப் பக்கத்தில் 42 என்று எண்ணிட்ட வரியைக் காட்டினாள். 'அன்னைக்கு நானே வந்து உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கணும் கண்ணு.' காலையில் மகள் படத்தின் முன்னால் தனியாக நின்று அவர் சொன்னது.

"அந்த வரியையே எடுத்துடவா சார்?"

"வேணாம்மா. கேட்டிருக்கா."

கடைக்காரப் பெண் ஃபைலைச் சேமித்தாள். பட்டியலின் அடியில் நாற்பத்து மூன்று வந்தது: 'மேற்படி. நாளை காலை.'