சொந்தப் பூட்டு

யட்டியாந்தோட்டையில் ரப்பர் பால் வெட்டும் தெய்வானையைக் காணோம். கேகாலை நலன்புரி அலுவலகக் கணினியில், கொழும்புத் தலைமையகத்துக்கென்று அவளே தட்டிப் பூட்டிவிட்டுப் போன முறைப்பாடு மட்டும் இருந்தது. கடவுச்சொல்லைக் கொழும்பில் நேரில் சொல்வதாக இருந்தாள்.

"விடுங்க தம்பி," என்றார், பின்னால் நின்ற பணிப்பாளர் பத்மநாதன். "இத யாராலயும் உடைக்க ஏலாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் லோகேஸ்வரன் சொன்னான்தான். மென்பொருளோடு வரும் ஆயத்தக் குறியாக்க நிரலையே பூட்டாகப் போடும்படி உடன் வேலை செய்யும் கேஷானி படித்துப் படித்துச் சொன்னாள். "உலகமே உடைச்சுப் பாத்துத் தோத்துப்போன பூட்டுங்க அது."

"எல்லார் கையிலயும் இருக்கிற பூட்டு நமக்கெதுக்கு?" என்று இவனே ஒன்றை எழுதினான்.

இன்று, அவளைக் கண்டுபிடிக்கவாவது அது உடையவேண்டுமே என்று வேண்டிக்கொண்டான்.

தோட்டத்தில் யார் எதை எழுதினாலும் முதல் வரி 'மாரியம்மா துணை'தான். குழம்பிக் கிடந்த எழுத்துகளோடு அந்த வரியை ஒப்பிட்டதும் கடவுச்சொல் தானாக வெளியே வந்தது. தேத்தண்ணிகூட ஆறவில்லை.

"திறந்திருச்சு சேர்!"

சந்தோஷம் ஒரு கணம்தான். இவ்வளவு லேசா இது?

'இத அவரு படிச்சா என்னைய உசுரோட விடமாட்டாரு' என்று எழுதியிருந்தாள். யார் அவர்? அடுத்த வரியில் இருந்த பெயரைப் படித்தவன் அவசரமாகத் திரையை மறைக்கப் பார்த்தான்.

பின்னால் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"மாரியம்மாவ வச்சுத்தானே தம்பி திறந்தீங்க?" என்றார் பத்மநாதன் மெதுவாக. "நானும் அப்படித்தான் திறந்தேன்."