ஐந்தாவது பாட்டில் ஒரு சத்தம்

"இதுல அஞ்சாவது பாட்டை மட்டும் கொஞ்சம் போட்டுக் காட்ட முடியுமா தம்பி?"

கேட்டவர் லேத் பட்டறைக்காரர். சட்டைப் பையில் இரும்பு ஸ்கேல், விரலிடுக்கில் கழுவியும் போகாத எண்ணெய்க் கறை. கையில் அவர் பிடித்திருந்ததோ போன மாதம் வெளியான ஹெவி மெட்டல் ஆல்பம். அட்டையில் மண்டை ஓடு ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

கடைக்காரனுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. முதுகு வரை முடி வளர்த்து, மெட்டல் பாட்டு தவிர வேறெதையும் விற்கமாட்டேன் என்று பிடிவாதமாகக் கடை நடத்துகிறவன் அவன். இந்த வயதில், இப்படிச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஒருவர் அங்கே படியேறியதே இல்லை.

ஆனால் முகம் தெரிந்த முகம். சனிக்கிழமை நடந்த கச்சேரியில், மேடைக்கு முன்னால் அத்தனை பேரும் தலையைச் சுழற்றி ஆடிக்கொண்டிருக்க, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நின்றவர் இவர்தான். விசாரித்ததில் 'சாமியாரி'ன் அப்பா என்று தெரிந்தது. கண்ணை மூடி அசையாமல் பாட்டுக் கேட்பதால் அந்தப் பையனுக்குக் கடையில் வைத்த பெயர் அது. அன்று அவர் கையில் இருந்தது சாமியார் வாங்கிய டிக்கெட். பிள்ளை ஆசையாக வாங்கியதைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாரே மனுஷன் என்று கடைக்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பையனைக் கடைப் பக்கமே காணோமே?" என்றான் கொஞ்சம் குத்தலாகவே.

"அவன் எங்கயும் வர்றதில்ல. நீ பாட்டைப் போடேன்."

"அவனையே கேட்டா விலாவாரியாச் சொல்வானே சார்."

"அவன்கிட்ட கேக்க முடியாது தம்பி."

சரி, பேச்சுவார்த்தை நின்றுவிட்டது போலிருக்கிறது என்று கடைக்காரன் முடிவு கட்டினான். அந்த வீட்டுச் சண்டையெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பாட்டைப் போட்டால் போதும், அப்பா வந்து கதவை இடிப்பார், தாழ்ப்பாளையே இரண்டு தடவை மாற்றியாயிற்று என்று சாமியார் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறான். இப்போது மகனோடு ராசியாகப் போக வழி தேடுகிறாராக்கும். நினைத்ததும் கடைக்காரன் மனம் இளகிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, இருப்பதிலேயே நல்ல ஹெட்போனை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான்.

"புது ஆல்பம் கேக்க எங்களுக்கு ஒரு முறை இருக்கு சார். கதவைத் தாழ் போட்டு, லைட்டை அணைச்சிட்டு, முதல் பாட்டுலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சாக் கேக்கணும். நடுவுல யாரும் கூப்பிடக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது. வாங்குற எல்லார்கிட்டயும் சொல்லித்தான் அனுப்புவேன்."

"தெரியும். சொன்னான்" என்று பட்டறைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

தேடி வந்தது எதை என்று அவர் விளக்கினார். மூட்டை விழுந்த மாதிரி பெரிதாக ஒரு சத்தம், அதன் பின் சின்னச் சின்னதாக மூன்றோ நாலோ. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, மகன் அறையிலிருந்து காதில் விழுந்ததாம். கச்சேரியிலும் அதற்காகத்தான் காத்து நின்றாராம். அங்கே அவர்கள் பாட்டைப் பாதியில் வெட்டிவிட்டார்கள்.

"பட்டறையில அத்தனை மெஷின் ஓடினாலும் எது சரியில்லன்னு காதாலயே சொல்லிடுவேன். இது மட்டும் பிடிபடல. அந்தச் சத்தம் பாட்டுலதான் இருந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதும் தம்பி, நான் நிம்மதியாத் தூங்குவேன்."

பாட்டு ஓடியது. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் தடவை கேட்டபோது ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தார்.

"டிரம்ஸாத்தானே இருக்கும்?"

அந்தக் குரலில் இருந்த கெஞ்சல் கடைக்காரனுக்கு உறைக்கவில்லை. தன் அபிமான டிரம்மர் தாளம் தப்பி அடித்துவிட்டான் என்று பழி சொல்வதாகத்தான் பட்டது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இல்லவே இல்ல சார். இந்த ஆல்பம் எனக்குத் தலைகீழாப் பாடம். அந்த மாதிரிச் சத்தம் இதுல எங்கயும் கிடையாது. நீங்க கேட்டது வேற ஏதோ. அடிச்சுச் சொல்றேன்."

"ஒருவேளை..."

"ஒருவேளைக்கே இடமில்ல."

பட்டறைக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். ஒயரைச் சிக்கில்லாமல் சுற்றி மேஜைமேல் வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. கடைக்காரனுக்கு என்னவோ போலாகிவிட்டது. பேச்சை லேசாக்கப் பார்த்தான்.

"என்ன சார், உள்ள எதையாவது போட்டு உடைச்சிட்டான்னு சந்தேகமா?"

"அவன் எதையும் உடைக்கல தம்பி. அவன்தான் நெஞ்சடைச்சு விழுந்தான். அப்புறம் கேட்ட சின்னச் சத்தமெல்லாம் அவன் தரையில தட்டினதாத்தான் இருக்கணும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருந்தா பொழைச்சிருப்பான்னு டாக்டர் சொன்னாரு. நான் பாட்டுன்னு நெனச்சு, இன்னும் எத்தனை பாட்டு பாக்கின்னு எண்ணிக்கிட்டு வெளியில உக்காந்திருந்தேன்."

அவர் எழுந்தார். ஆல்பத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார்.

"எத்தனையோ நாள் அந்தக் கதவைப் போட்டு இடிச்சிருக்கேன். 'கடை அண்ணன் சொல்லியிருக்காருப்பா, இன்னைக்கு மட்டும் தட்டாதீங்க'ன்னு புள்ள ஆசையாக் கேட்டானேன்னு, அன்னைக்கு ஒருநாள்தான் தம்பி நான் தட்டாம இருந்தேன்."