தனி ஊசல்

காலமான என் மனைவி பத்மாசினி, கல்லூரியில் என் வகுப்பில் படித்தவள். இயற்பியல் செய்முறைத் தேர்வில் நாங்கள் எல்லோரும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்ற புத்தக விடையை முதலில் எழுதிவிட்டு, அது வரும்படி ஊசலின் நேரங்களை நிரப்பினோம். அவள் மட்டும் ஊசலை ஆட்டிப் பார்த்தாள். 9.3 வந்தது.

"உன்னை மட்டும் பூமி மெதுவா இழுக்குதாம்மா?" என்றார் தேர்வாளர். முனைவர் பட்டம் பெற்றவர். நாங்கள் கடமையாகச் சிரித்தோம். "மூணுல ரெண்டு வளைவு சேர்த்தா எட்டு. பாஸ் போடறேன். முடியாதுன்னா அடுத்த வருஷம் வா."

"நீங்களே ஒருதரம் பாருங்க சார்," என்று ஸ்டாப் வாட்சை நீட்டினாள்.

வாங்கியவர் அதை முன்னும் பின்னும் திருப்பினார். எதை அழுத்தினால் ஓடும் என்று சொல்லிக்கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.