உள்ளபடி

தமயந்தி மூன்றாண்டுக்கு ஒருமுறை சுகாதாரக் கணக்கெடுப்புக்காக அந்த மலைக்கிராமத்துக்குப் போய், அதே வீடுகளில் அதே கேள்விகளைக் கேட்டுப் பதிந்து வருபவள். இது நான்காவது முறை. போன முறை குப்பாயியின் மகள் வெண்ணிலாவின் சாவை அவள்தான் பதிந்தாள். பிரசவ வலியோடு தூளியில் கட்டித் தூக்கி இறங்கும்போது பாதி வழியில் போய்விட்டவள்.

"ரோடு வந்திருச்சு. ஆம்புலன்ஸ் மேலயே நிக்குது," என்றாள் குப்பாயி. "நீ எழுதிட்டுப் போனதாலதானாமே?"

"ஆமாக்கா. உங்களை மாதிரி ஒவ்வொரு வீட்டுலயும் சொன்னதை வச்சுத்தான்."

குப்பாயி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"மொதத் தடவ ஆஸ்பத்திரிக்குப் போக சிரமமான்னு கேட்ட. ரெண்டாந் தடவயும் கேட்ட. வெக்கப்பட்டுக்கிட்டு, ஒரு கொறையுமில்லன்னு சொல்லிட்டேனே கண்ணு. அப்பவே சொல்லியிருந்தா ரோடு முன்னாடியே வந்திருக்குமில்ல?"

ஒரு வீட்டின் பதிலால் எதுவும் மாறியிருக்காது என்று சொல்ல வாயெடுத்தாள் தமயந்தி. அப்படிச் சொன்னால் வெண்ணிலாவின் சாவைப் பதிந்ததாலும் எதுவும் மாறவில்லை என்றாகிவிடும். குப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உன் கேள்வியக் கேளு கண்ணு. எல்லாத்தையும் உள்ளபடி சொல்றேன்."