நாலாவது நிமிஷம், பன்னிரண்டாவது நொடி

நாலாவது நிமிஷம், பன்னிரண்டாவது நொடியில் யாரோ ஒருவருக்குக் கணக்கு புரியவில்லை.

கம்ப்யூட்டர் டீச்சர் திரையைத் திருப்பிக் காட்டினார். கணக்கு வாத்தியாரின் பாட வீடியோவுக்குக் கீழே ஒரு கோடு; எந்த இடத்தை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தார்கள் என்று சொல்லும் கோடு. மற்ற இடமெல்லாம் தரையோடு படுத்துக் கிடந்தது, அந்த ஒரு நொடியில் மட்டும் மலையாக எழுந்து நின்றது.

"பார்க்கிறது ஒரே ஆள்தான் சார். தினம் காலையில பதினோரு மணி. திரும்பத் திரும்ப இந்த இடம்தான்."

"பதினோரு மணிக்கு எல்லாம் என் கிளாஸ்லல்ல உட்கார்ந்திருக்கும்?"

"பாத்ரூமுக்கு போன் எடுத்துட்டுப் போகுதோ என்னமோ."

பாத்ரூமில் ஒளிந்துகொண்டு அல்ஜீப்ரா படிக்கும் பிள்ளை! முப்பது வருட சர்வீசில் வாத்தியாருக்கு இப்படியொரு மரியாதை கிடைத்ததே இல்லை.

பாடத்தை வீட்டில் வீடியோவாகப் பார்ப்பது, கணக்கை வகுப்பில் போடுவது. அந்த வருடம் வந்த புது முறை இது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டபோது, "நான் செய்றேன்" என்று மார்தட்டியவர் வாத்தியார்தான். தட்டிய பிறகு சோம்பல் வந்துவிட்டது. நாலு வருடத்துக்கு முன், பள்ளிக்கு கேமரா வந்த புதிதில், ஒன்பதாம் வகுப்பில் நடந்த பாடத்தை அப்படியே படம் பிடித்திருந்தார்கள். அதையே தூக்கிப் போட்டுவிட்டார்.

வகுப்பில் கேட்டுப் பார்த்தார். "நாலாவது நிமிஷம் யாருக்குப் புரியல? வெட்கப்படாம சொல்லுங்க."

நாற்பத்திரண்டு தலைகள் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தன. கடைசியில் முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். நாங்க யாருமே அதைப் பார்க்கலை."

"பொய் சொல்லாத. ஒருத்தர் பார்க்கிறீங்க."

நாற்பத்திரண்டில் ஒன்று என்றால் வேறு யாராவது முறையையே மூட்டை கட்டியிருப்பார்கள். வாத்தியாருக்கு அந்த ஒன்று போதும். பாவம், வாய் திறந்து கேட்கக் கூச்சப்படும் பிள்ளை. தினமும் வந்து அதே இடத்தில் முட்டிக்கொண்டு திரும்புகிறது. அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தார். தெரிந்தது கரும்பலகையும் அவருடைய பின்மண்டை வழுக்கையும்தான். நாலாவது நிமிஷம் மின்விசிறி கடகடத்தது, பெஞ்சு கிறீச்சிட்டது. வலப்பக்கம் இருந்த எக்ஸை அவர் இடப்பக்கம் கொண்டுபோனதும் பின்னாலிருந்து ஒரு குரல்: "அந்த எக்ஸ் எங்க சார் போச்சு?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே, "எங்கயும் போகலம்மா, அந்தப் பக்கம் போயிருக்கு" என்று அவர் சொன்னது பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை.

"இந்தச் சந்தை இரைச்சல்ல எந்தப் புள்ளைக்குப் புரியும்?" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

காலி வகுப்பறையில் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க விறுவிறுக்க மறுபடி எடுத்தார். எக்ஸ் இடம் மாறுவதற்கு ஓர் அம்புக்குறி, குறி மாறுவதற்குச் சிவப்பு சாக்பீஸ். ஒன்பது தடவை சொதப்பி, பத்தாவதில் தேறினார்.

"பழசை என்ன சார் பண்றது?" என்றார் டீச்சர், திங்கட்கிழமை.

"சுத்தமா அழிச்சுடுங்க. எங்கயும் ஒரு காப்பிகூட இருக்கக் கூடாது. என் வழுக்கைக்குச் சாட்சி அது ஒண்ணுதான்."

டீச்சர் சிரித்துக்கொண்டே அழித்தார். மறுநாள் கோடு முழுக்கத் தரையோடு படுத்துவிட்டது. மலையைக் காணோம்.

"புரிஞ்சிடுச்சு டீச்சர்! புள்ளைக்குப் புரிஞ்சிடுச்சு!" ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் அவர் செலவில் டீ.

புதன்கிழமை காலை ஒரு பெண்மணி அவரைத் தேடி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் போனைப் பொத்திப் பிடித்திருந்தாள்.

"சார், அந்தக் கணக்கு வீடியோ..."

வாத்தியாருக்கு முகம் மலர்ந்தது. பாத்ரூம் மேதையின் அம்மா!

"வாங்கம்மா, உட்காருங்க. புதுசு நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா பழசு கிடைக்குமா?"

"அது எதுக்கும்மா? ஒரே சத்தம்."

"அந்தச் சத்தம்தான் சார் வேணும்."

அவள் போனைப் பார்த்தபடியே பேசினாள்.

"சின்னவன் படிக்கிறதுக்குன்னு என் போனுக்கு வந்த வீடியோ சார். வீட்டுல எல்லாரும் கிளம்பிப் போனதும் போட்டுப் பார்ப்பேன். 'எக்ஸ் எங்க சார் போச்சு'ன்னு ஒரு பொண்ணு கேக்கும். 'எங்கயும் போகலம்மா, அந்தப் பக்கம் போயிருக்கு'ன்னு நீங்க சொல்வீங்க. அதைக் கேட்டாத்தான் எனக்கு அடுப்பு பத்தவைக்கவே கை வரும்."

முப்பது வருடமாக 'இதுகூடவா விளங்கலை?' என்று பிள்ளைகளைக் கேட்டவருக்கு, இது விளங்கவில்லை.

"யாரும்மா அந்தப் பொண்ணு?"

"எம் மக சார். அவ போயி எட்டு மாசமாச்சு. போட்டோ நிறைய இருக்கு. குரல்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."