கறுப்பு மீசை

உலக மீன்பிடி வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய தீர்மானம் ஒன்றை, மால்டாவின் தென்கரையில் எங்கள் ஊர்ப் பண்பாட்டுக் குழு ஒருமனதாக நிறைவேற்றியது: படகுகளின் மீசை மஞ்சளாகவே இருக்க வேண்டும்.

மீசை என்பது படகின் முகப்பில், வரைந்த கண்களுக்கு மேலே தீட்டுகிற பட்டை. ஊருக்கு ஒரு நிறம். லம்பூக்கி மீன் பிடித்துப் பிழைத்த காலத்திலும் எங்களுக்கு மஞ்சள்தான். சுற்றுலாக்காரர்களைக் குகை காட்ட ஏற்றிப்போய்ப் பிழைக்கிற இந்தக் காலத்திலும் மஞ்சள்தான்.

விஸ்டின் படகில் மட்டும் கறுப்பு.

குழுத் தலைவர், பல் டாக்டர் ஃபோன்சு, கரைக்கே நேரில் வந்தார்.

"என்னய்யா விஸ்டின், எடுக்கிற போட்டோவுல எல்லாம் உன் படகுதான் கரி பூசின மாதிரி நிக்குது. ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்து."

"பையன் தவறிப் போய் ஒரு மாசம்தான் ஆச்சு, டாக்டர். ஒரு வருசம் கறுப்புதான். அது வழக்கம்."

டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுபோலச் சொன்னான்.

கடலில் எதிர்ப்படும் வெளியூர்ப் படகுகள் அந்தக் கறுப்பைக் கண்டதும் எஞ்சினைத் தணிக்கும். "யாரு?" என்று கேட்பார்கள். "என் பையன், லேலி" என்பான். அந்த மாதம் முழுக்கக் கடலில் விஸ்டின் வாய் திறந்தது அதற்கு மட்டும்தான்.

டாக்டரின் கண் கலங்கியது. அவருக்கு யோசனை வந்தால் அப்படித்தான்.

"அடப்பாவி, இப்படி ஒரு கதைய வச்சுக்கிட்டா இத்தனை நாளும் மஞ்சளைக் கட்டிக்கிட்டு அழுதோம்!"

தீர்மானம் திருத்தப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை துறையில் எல்லாப் படகுக்கும் கறுப்பு மீசை. பெயின்ட், குழுவின் அன்பளிப்பு. சுற்றுலாக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள்.

பக்கத்து ஊர்ப் பாதிரியாரும் வந்தார், அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமாக.

"ஐயோ, எத்தனை பேர்ப்பா? யார் யாரு?"

விஸ்டின் எழுந்தான். தொப்பியைக் கழற்றினான்.

"யாரும் சாகல சாமி," டாக்டர் முந்திக்கொண்டார். "இது பண்பாடு!"

பாதிரியார் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அப்படியே அவரை ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் அழைத்துப் போனார்கள்.

அன்று சாயங்காலமே விஸ்டின் தன் படகுக்கு மஞ்சள் அடித்தான்.